ஞானசிகாமணியின் சுண்டு விரல்

மேசையின் மேல் மழை பெய்துகொண்டிருக்கிறது, முதலில் ஒற்றை விரல் தூறல், அப்புறம் இரண்டு விரல், நான் கையை உயர்த்த உயர்த்த அது வலுக்கிறது, மூன்று பேராசிரியர்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளாக மாறி மேசையைத் தட்டித் தட்டி மழையைக் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள், அந்த மழையின் நடுவிலிருந்து ஒரு சுண்டு விரல் மட்டும் தட்டுவதை விட்டுவிட்டு மெல்ல எழுந்து காற்றில் நிற்கிறது, கல்வியியல் கல்லூரி முதல்வர் முனைவர் ஞானசிகாமணியின் சுண்டு விரல், எம்.எட். படிப்புக்கு இடம் கேட்டு அவர் முன்னால் நிற்கும் என்னைப் பார்த்துத்தான் எழுந்திருக்கிறது, அதற்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எந்தக் கல்வியியல் புத்தகத்திலும் இல்லை.

சுண்டு விரல்களை எனக்குத் தெரியும், மெட்ரிக் பள்ளியில் இருபது வருடமாக அவற்றைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், பொய் விரல் விறைப்பாக நிற்கும், அதற்கு உரியவனின் கண் பக்கத்துப் பெஞ்சு நண்பன் மேல் இருக்கும், நிஜ விரல் லேசாக நடுங்கும், கீழே ஒரு கால் இன்னொரு காலைப் பின்னிக்கொள்ளும், நிற்கிறேன் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் தாளாளர் ஒரு கோடை விடுமுறையில் சிங்கப்பூர் போய்த் திரும்பியதும் வகுப்பறை நாற்காலிகளையெல்லாம் எடுத்துவிட்டார், ஆசிரியர் உட்கார்ந்தால் கல்வி படுத்துவிடும் என்று வராண்டா சுவரில் எழுதவைத்து, சொன்னவர் என்று தன் பெயரையும் கீழே போட்டுக்கொண்டார், அதை எழுதிய பெயின்டர் மட்டும் ஸ்டூலில் வசதியாக உட்கார்ந்து எழுதினார், நாங்கள் நின்று பார்த்தோம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து தரையில் படுத்து இரண்டு கால்களையும் சுவரில் தூக்கிப் போட்டால் கண் சொக்கும், உடனே அந்தக் கனவு வரும், ஒரு பெஞ்சு, ஜன்னலோரம், நான் அதில் உட்கார்ந்திருக்கிறேன், யாரோ பாடம் நடத்துகிறார்கள், யார் என்பது முக்கியமில்லை, நான் நடத்தவில்லை என்பதுதான் முக்கியம், கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன், புரிகிற இடத்தில் புரிகிறது, புரியாத இடத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம் இருக்கிறது, அவ்வளவுதான் கனவு, மற்றவர்கள் கனவில் பறப்பார்களாம், நான் உட்காருவேன்.

அந்தக் கனவை என் வீட்டுக்காரர் திரவியத்திடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, கோவில்பட்டி டிப்போவில் கண்டக்டர், நிற்பதைப் பற்றி அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, எனக்காவது கண்டக்டர் சீட்டுன்னு ஒண்ணு இருக்குட்டி, அதுலயும் எவனாவது பையை வச்சிருவான், நீ எம்.எட். சேரு, ரெண்டு வருசம் நல்லா உக்காந்து எந்திரி, சோறு நான் பொங்குதேன் என்றார், அவர் பொங்கும் சோற்றை நினைத்துத்தான் ஒரு வாரம் யோசித்தேன், பிறகு விண்ணப்பம் போட்டேன். முதல் வருடம் இதே அறையில், இதே மேசைக்கு முன்னால், ஏன் எம்.எட். படிக்க விரும்புகிறீர்கள் என்று ஞானசிகாமணி கேட்டார், உண்மையைச் சொல்லிவிட்டேன், பெஞ்சில உக்காந்து பாடம் கேக்கணும் சார், அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், கல்வி என்பது அமர்தல் அல்ல அம்மா, எழுச்சி என்றார், வெள்ளைத் துண்டு போர்த்திய சுழல் நாற்காலியில் முக்கால்வாசி புதைந்துகொண்டு சொன்னார், சொன்ன வேகத்தில் நாற்காலி அரை வட்டம் திரும்பிவிட்டது, பாதி எழுச்சி சுவரைப் பார்த்துத்தான் நடந்தது, எனக்கு இடமில்லை. இரண்டாம் வருடம் சுதாரித்துக்கொண்டேன், அவர் எழுதிய தடிப் புத்தகத்தை நூலகத்தில் எடுத்தேன், அட்டையில் பாதிக்கு மேல் அவர் வாங்கிய பட்டங்கள், முன்னுரையில் இரண்டு பக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டு போய் அதே கேள்விக்கு அப்படியே ஒப்பித்தேன், கற்போரின் உள்ளார்ந்த ஆற்றல் வெளிக்கொணரப்படும் பன்முகச் சூழலை நோக்கி என்று ஒரு வாக்கியம், அது மூச்சு வாங்காமல் ஒன்றரைப் பக்கம் ஓடும், ஓடி முடித்தேன், அவர் வருத்தத்தோடு தலையை ஆட்டி, யாரோ எழுதுனத நெட்டுருப் போட்டுட்டு வந்திருக்கீங்கம்மா, கருத்துல ஆழமே இல்ல என்றார், ஞானசிகாமணியை அவ்வளவு துல்லியமாக விமர்சித்தவர் அதற்கு முன்னும் பின்னும் யாருமில்லை, அந்த வருடமும் இடமில்லை. நாள் பூரா ஊருக்கே சீட்டு கிழிச்சுக் குடுக்கேன், ஒனக்கு ஒரு சீட்டு வாங்க முடியலயே என்று திரவியம் மட்டும் பையைக் கழற்றிவைத்தபடி முனகினார்.

மூன்றாம் வருடம் என்பது இன்றுதான், இன்று என்றால் அந்தச் சுண்டு விரல் எழுந்து நிற்கும் இன்று, நேற்றே தாளாளரிடம் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன், அதைக் கொடுத்தால்தான் சான்றிதழ்கள் கைக்கு வரும், போங்க டீச்சர், ஆனா சீட் கெடைக்கலன்னு திரும்பி வந்து இங்க நிக்கக்கூடாது என்றார், நிக்க மாட்டேன் சார் என்றேன், அதைச் சொன்னபோது நாக்கு இனித்தது, படியிறங்கும்போதுதான் உறைத்தது, இந்த அறையிலும் இடமில்லை என்றால் அந்தப் பள்ளியிலும் இல்லை, உட்காரவும் முடியாது நிற்கவும் முடியாது. காலையில் கல்லூரி மண்டபத்தில் ஞானசிகாமணி எங்களுக்கு வரவேற்புரை நிகழ்த்தினார், வந்திருக்கும் கடைசி ஒருவரின் கனவையும் கேட்டு முடிக்கும்வரை நான் என் இருக்கையைவிட்டு எழ மாட்டேன், இது உறுதி என்று மேசையைக் குத்தினார், கைதட்டினோம், போட்டோகிராபர் சரியாக விழவில்லை என்றதும் இன்னொரு முறை குத்தினார், பிறகு உள்ளே போய் அமர்ந்தார், அறை வாசலில் காத்திருந்த எங்களைத் தாண்டி முதலில் இளநீர் போனது, அடுத்து காபி, வெயில் ஏறியதும் மோர், உச்சியில் சர்பத், மறுபடி காபி, போனதையெல்லாம் பார்த்தோம், அவர் வெளியே வந்ததை மட்டும் பார்க்கவில்லை, வாக்கு தவறாதவர் என்று எனக்குப் பக்கத்தில் நின்ற பையன் நெகிழ்ந்துபோனான். கடைசிப் பெயர் என்னுடையது, கடைசி இடமும் ஒன்றுதான் மிச்சம் என்று வெளியே வந்தவர்கள் சொன்னார்கள், உள்ளே ஞானசிகாமணியின் வலப்பக்கம் முனைவர் பிரிசில்லா, இந்த வருடம் கேள்விகள் எல்லாம் அவரிடமிருந்துதான், இடப்பக்கம் பேராசிரியர் தணிகாசலம், ஓய்வுபெறச் சில மாதமே இருந்ததால் எதற்கும் வாய் திறப்பதை நிறுத்திவிட்டவர், ஏன் எம்.எட். என்ற கேள்விக்காக நான் காத்து நிற்க, பிரிசில்லா அதைக் கேட்கவில்லை, எங்கள ஆறாம் வகுப்புப் பிள்ளைங்கன்னு நெனச்சுக்கிட்டு ஒரு பாடம் நடத்துங்க பார்ப்போம் என்றார்.

நினைத்துக்கொள்வதா, எனக்கு அது இருபது வருடப் பழக்கம், என் கை தானாகச் சாக்பீஸைத் தேடியது, குரல் தானாக ஏறியது, கைகட்டு, வாய மூடு, பின்னால பேசாதே என்றேன், தணிகாசலம் கை கட்டினார், அவர் பேசியே இருக்கவில்லை பாவம், பிரிசில்லா பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். நீர்ச் சுழற்சி நடத்தினேன், வேண்டுமென்று எடுக்கவில்லை, சத்தியமாக, ஆறாம் வகுப்பு என்றதும் வாயில் வந்தது அதுதான், ஆவியாகி மேலே போன தண்ணீர் மேகத்தில் சேர்ந்துகொண்டே இருக்கு, சேருது, சேருது, கனம் தாங்கல, இனிமே தாங்க முடியாதுன்னு ஒரு கட்டம் வருது என்று சொல்லிக்கொண்டு போக, ஞானசிகாமணி ஏனோ பாடத்தை மற்ற இருவரையும்விட ஆழ்ந்து கவனித்தார், நெற்றியில் வியர்வை, எங்க எல்லாரும் மழை பெய்யுங்க பார்ப்போம், ஒரு விரல், ரெண்டு விரல், மூணு விரல், சோன்னு கொட்டுது, ஓடையில ஓடுது, மதகு திறக்குது, அப்போதுதான் அந்தச் சுண்டு விரல் எழுந்தது, இதோ நிற்கிறது, மிஸ் என்று கூடச் சொல்லிவிட்டார், பிரிசில்லா வாய்பொத்திச் சிரித்தார், முதல்வர் என்னைச் சோதிக்கிறார், வகுப்பறை மேலாண்மைத் திறன் என்று அதற்குப் பெயர், பெல் அடிக்கட்டும் என்பதா, பாடத்தைத் தொடர்வதா, எதைச் சொன்னால் இடம் கிடைக்கும், கிடைக்காவிட்டால் திரவியத்தின் முகத்தில் எப்படி முழிப்பது, விரலைப் பார்த்தேன், நடுங்கியது, மேசைக்கு அடியில் பார்த்தேன், பழுப்பு நிற ஷூ ஒன்று இன்னொன்றின் மேல் ஏறிப் பின்னிக்கொண்டிருந்தது. நிஜம். போயிட்டு வாடா கண்ணு, ஓடாதே, வழுக்கும்.

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது, ஒரு கல்லூரி முதல்வரை, அத்தனை பட்டங்களோடு, வாடா என்றுவிட்டேன், ஆனால் பட்டங்கள் அதற்குள் கதவைத் தாண்டிவிட்டன, வெளியே முடிவுக்காகக் காத்திருந்த எல்லோரும் மரியாதையாக எழுந்திருக்க, அவர் அரை ஓட்டத்தில், வணக்கம் வைத்தவர்களுக்குத் திருப்பி வைக்கக் கை ஒழியாமல் வராண்டாக் கோடிக்குப் போவது தெரிந்தது. பிரிசில்லா மெதுவாக விரலை உயர்த்தினார், மிஸ், நானும், அதுதான் வழக்கம், ஆறாம் வகுப்பில் ஒரு விரல் எழுந்தால் வகுப்பே எழும், தணிகாசலம் பல மாதங்களுக்குப் பிறகு வாய் திறந்தார், மிஸ், எனக்கும். அனுப்பிவிட்டேன். அறை காலியாக இருந்தது, நாற்காலிகள் இருந்தன, கால் கெஞ்சியது, மேசையைச் சுற்றிப் போய் அந்த வெள்ளைத் துண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன், என்ன ஒரு நாற்காலி, உள்ளே ஒரு கம்பி நீட்டிக்கொண்டு சரியாக இடுப்பில் குத்தியது, இதில்தானா காலையிலிருந்து இவர் உறுதியோடு இருந்தார் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒரு கை நீண்டது, ஐந்து விரலும் சேர்ந்து, தண்ணீர் சொட்டச் சொட்ட, உள்ள வரலாமா மிஸ்.

ஞானசிகாமணியும் தான் சொன்னதைச் சொன்ன பிறகுதான் கேட்டிருப்பார், இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம், நான் பதறி எழுந்தேன், இருங்கம்மா என்று சொல்லிவிட்டு அவர் என்னை யாரும் உட்காரச் சொல்லாத, விண்ணப்பதாரர்களுக்கான மர நாற்காலியில் அமர்ந்தார், மழை விட்ட வானம் மாதிரி இருந்தது முகம், ஆமா, நீங்க எதுக்கு எம்.எட். படிக்கணும், கேட்டேவிட்டார், புத்தகத்தில் படித்ததெல்லாம் மறந்துபோய் முதல் வருடத்து உண்மைதான் வாயில் மிஞ்சியிருந்தது, உக்காரணும் சார், உக்காந்து பாடம் கேக்கணும். அவர் தன் சுழல் நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தார், காலையில இருந்து அதுல உக்காந்துதாம்மா இருந்தேன், எந்திரிக்க விட்டாத்தான் உக்காருறது சொகம், என்றார், பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, சரி, உக்காருங்க, ஆவணியில வகுப்பு. வராண்டாவுக்கு வந்து திரவியத்துக்குப் போன் செய்தேன், சீட்டு கெடச்சிருச்சு என்று கத்தினேன், பஸ் இரைச்சலில் அவர் எந்த ஊருக்கு என்று கேட்டார்.

இந்த ஊருக்குத்தான், மூன்றாவது பெஞ்சு, ஜன்னலோரம், வேப்பமரம் இல்லை, அதற்குப் பதில் சைக்கிள் ஷெட், போகட்டும், அதன் தகரத்தில் ஆவணி மழை பிடித்துக்கொண்டிருக்கிறது, முதலில் தூறலாக, இப்போது சோவென்று, ஞானசிகாமணி கரும்பலகையில் வகுப்பறை மேலாண்மை என்று எழுதி அதைப் பற்றி முன்னுரையிலிருந்து முழங்கிக்கொண்டிருக்கிறார், நான் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், புரிகிற இடத்தில் புரிகிறது, ஒரு வாக்கியத்தின் பாதியில் அவர் தயங்கி என் பெஞ்சுப் பக்கம் பார்க்கிறார், சாக்பீஸ் பிடித்த கையில் சுண்டு விரல் மட்டும் லேசாக எழும்புகிறது, எதற்கோ அடிக்கோடு போடப் போகிறார் என்று நினைத்து வகுப்பே பேனாவை எடுக்க, நான் கன்னத்திலிருந்து கையை எடுக்காமல், சரி என்று தலையை மட்டும் அசைக்கிறேன்.