நாற்பதாம் நாள் தேர்வு

ஐந்தரைக்கு எழுந்தான். குழாயில் தண்ணீர் வந்தது; இரண்டு குடம் பிடித்தான். பல் தேய்த்தான். தொழுதான். ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போட்டு, நின்றபடியே குடித்தான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். முகம் மழித்தான். பேனாவில் மை ஊற்றினான். சட்டையை மாட்டியபோது ஆறரை.

செருப்பைத் தேடிக் குனிந்தால், வாசலில் அண்ணன் மெஹபூப் பாஷா. பின்னால் அரிசிக் கூடையோடு அண்ணி ஃபகருன்னிசா.

"எங்கடா கெளம்பிட்ட? இன்னிக்கி உன் பொண்டாட்டிக்கு நாப்பதாம் நாள் ஃபாத்திஹா. ஞாபகம் இருக்குதா?"

"இருக்குதுண்ணே. பத்து மணிக்குப் பரீட்சை. மூணு மணிக்குள்ள வந்துருவேன்."

"பன்னெண்டுக்கு ஓதறாங்க. புருசங்காரன் கிருஷ்ணகிரில ஒக்காந்து கணக்குப் போடுவானா? ஊரே காறித் துப்பும்."

"துப்பட்டும்."

ஜமீர் அகமதுவுக்கு இருபத்தொன்பது வயது. சரித்திரத்தில் பி.ஏ. மூக்கண்டப்பள்ளியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் நட்டும் போல்ட்டும் எண்ணும் வேலை. எம்.சி.ஏ. சேர இடம் கிடைத்திருந்தது. பிளஸ் டூவில் கணக்கு எடுக்காதவர்கள் மட்டும் கோடையில் எட்டு ஞாயிறு கால்குலஸ் படித்துத் தேற வேண்டும். கடைசி ஞாயிறு தேர்வு. விட்டால் மறு தேர்வு கிடையாது, இடமும் போய்விடும். விண்ணப்பத்தை நிரப்பியவள் அவன் மனைவி அதியா. கணக்கில் பி.எஸ்சி. முடித்தவள். இரண்டாவது ஞாயிறு வகுப்பு முடிந்து வந்த புதன்கிழமை, பெங்களூர் ஆஸ்பத்திரியில், இதய வால்வு கைவிட்டு இறந்துபோனாள்.

"தம்பி," என்றாள் அண்ணி, "சாகறப்போ அதியா என் கையப் புடிச்சு என்ன சொல்லுச்சு? 'அவரு படிப்பு கிடிப்புன்னு அலைய வேணாம், சீக்கிரம் ஒரு நிக்காஹ் பண்ணி வைங்க'ன்னுச்சு. அதுதான் கடைசிப் பேச்சு. சிங்காரப்பேட்டையிலருந்து எங்க சித்தப்பா இன்னிக்கி அதுக்குத்தான் வர்றாரு."

அதியா கடைசியாகப் பேசியபோது அண்ணி ஆஸ்பத்திரிக்குக் கீழே டீ வாங்கப் போயிருந்தாள். ஜமீருக்குத் தெரியும். நாற்பது நாளாக இந்தப் பேச்சு வீடு வீடாகச் சுற்றி வந்தது. மறுத்துப் பேச அவனுக்கு வாய் எழவில்லை. எதற்குமே எழவில்லை. அண்ணனைத் தாண்டி இறங்கி பஸ்ஸைப் பிடித்தான்.

தேர்வு அறை வாசலில் ஆஞ்சப்பன் நின்றிருந்தான். லேத் ஓட்டுகிற பி.ஏ.; அவனும் இதே கால்குலஸ் வகுப்பு.

"யோவ் ஹிஸ்டரி! வரமாட்டன்னுதான் நெனச்சேன். சாரு உன் பேர அடிச்சுட்டாருய்யா."

விரிவுரையாளர் ராமப்பன் பட்டியலைக் காட்டினார். "ரெண்டு ஞாயிறு வரலையே நீ. ஒண்ணுக்கு மேல போனா எழுத முடியாது. காரணம் இருந்தா எழுதிக் குடு, பார்ப்போம்."

"சார், இவன் சம்சாரம்..." என்று ஆரம்பித்தான் ஆஞ்சப்பன்.

"நீ சும்மா இருய்யா." ஜமீரின் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. அதியாவை லீவு லெட்டராக்க அவனுக்கு மனமில்லை. "காரணம் எழுத மாட்டேன் சார். பாடம் தெரியும். எதை வேணாலும் கேளுங்க. தெரியலைன்னா நானே போயிடறேன்."

"ஹிஸ்டரிக்கு ரோஷத்தப் பாரு." ராமப்பன் சாக்பீஸை எடுத்தார். "பன்னெண்டு இஞ்ச் சதுரத் தகடு. நாலு மூலையிலும் ஒரே அளவு சதுரம் வெட்டி, மடக்கிப் பெட்டி பண்ணணும். பெட்டி அதிகம் கொள்ளணும். எவ்வளவு வெட்டுவே?"

முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜமீர் வெட்டும் அளவை எக்ஸ் என்று வைத்தான். கொள்ளளவை எழுதினான், வகையிட்டான், பூஜ்யத்துக்குச் சமப்படுத்தினான். இரண்டு விடை வந்தது. இரண்டு, ஆறு.

"எது?" என்றார் ராமப்பன்.

"ரெண்டு சார். ஆறு வெட்டினா தகடே மிஞ்சாது."

"ஆறு வெட்டினா எங்க சூப்பர்வைசர் உன்னையும் சேத்து வெட்டுவான்," என்றான் ஆஞ்சப்பன். அறை சிரித்தது. ராமப்பன் சிரிக்காமல் பட்டியலில் அடித்த பெயரை மறுபடி எழுதினார்.

"போய் ஒக்காரு. பத்து நிமிஷம் போச்சு, சேத்துத் தர மாட்டேன்."

"வேணாம் சார்."

பன்னிரண்டு மணி ஆனபோது ஒரு கணம் பேனா நின்றது. பிறகு அடுத்த கேள்விக்குப் போனான். எல்லாக் கேள்விக்கும் எழுதினான்.

மூன்று மணிக்கு வீடு நிறைய ஆட்கள். ஓதி முடித்துச் சாப்பாடும் முடிந்திருந்தது. பாயின் நடுவில் சிங்காரப்பேட்டைச் சித்தப்பா அப்துல் சலாம், பல் குத்திக்கொண்டு.

"மாப்ள வந்துட்டாப்ல," என்றார். "பரீட்சையெல்லாம் ஆச்சா? இனிமே குடும்பத்தப் பாக்கணும். கடைசி மூச்சுல அந்தப் பொண்ணு சொன்னத மீறலாமா?"

"அதத்தான் நானும் சொல்றேன்," என்றாள் கதவோரம் நின்ற அண்ணி.

ஜமீர் உட்காரவில்லை.

"அண்ணி, நீங்க அப்ப டீக்கடையில இருந்தீங்க. ரூம்ல நான் ஒருத்தன்தான். அவ நிக்காஹ்வும் சொல்லல, படிப்ப விடவும் சொல்லல. எம்.சி.ஏ. நான் சேரத்தான் போறேன். எனக்குப் பொண்ணு பாக்க யாரும் வர வேணாம்."

"ஏய், பெரியவங்க முன்னால..." என்று எழுந்தார் அண்ணன்.

"இருங்கண்ணே. சொல்லிடறேன்."

"அப்ப என்னதான்டா சொன்னா?" என்றார் அண்ணன்.

கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, மடியில் நோட்டை வைத்து கால்குலஸ் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான் அன்றைக்கு. தூங்குகிறாள் என்றுதான் நினைத்தான். அவள் தலையைத் திருப்பி நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் சொன்னதை, இத்தனை பேர் முன்னால், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அவன் சொன்னான்:

"'காஸ் எக்ஸுக்கு மைனஸ் வரும்ங்க. மறுபடியும் விட்டுட்டீங்க.'"