லிஸ்பன் விழ மறுத்த மாலை

சகல புனிதர் திருநாளுக்கு ஒரு நாடகம் போடுவதென்று குருநகர்ப் பங்குச் சபை முடிவெடுத்தபோது, சரித்திரம் படிப்பிக்கிற ரீச்சர் ஜெனிற்றா முந்திக்கொண்டு கையை உயர்த்தினாள். அவளுக்குள் ஒரு கதை நெடுநாளாகக் குறுகுறுத்துக்கொண்டிருந்தது. இருநூற்றெழுபது வருடங்களுக்கு முன், இதே திருநாளின் காலைப் பூசை நேரத்தில்தான் போர்த்துக்கேயரின் தலைநகரம் லிஸ்பன் இடிந்து விழுந்தது. கோயில்கள் நிறையச் சனம், பீடங்கள் நிறைய மெழுகுதிரி. நிலம் மூன்று தரம் ஆடியது. தப்பியவர்கள் வெட்டவெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். அங்கே தண்ணீர் வற்றி, எப்போதோ மூழ்கிய கப்பல்கள் அடியில் தெரிந்தன. அதை அதிசயமாய்ப் பார்த்து நின்றவர்கள் மேல் கடல் திரும்பி வந்தது. மிச்சத்தை ஐந்தாறு நாள் நெருப்புத் தின்றது.

"உது வேண்டாம் ரீச்சர்," என்றார் மாதர் சங்கத் தலைவி யோசப்பின். "வீடு விழுறதை எங்கடை சனம் கண்ணாலை கண்டது. கடல் வந்ததையும் கண்டது. திருநாளும் அதுவுமாய் மேடையிலை வேறை பாக்க வேணுமே?"

யோசப்பினின் வீடு போர்க்காலத்து ஷெல்லடியில் இரண்டு தரம் விழுந்தது எல்லோருக்கும் தெரியும்.

"நீங்கள் சொல்லுறது சரி அக்கா," என்றாள் ஜெனிற்றா. "ஆனால் என்ரை நாடகம் விழுறதோடை முடியேல்லை. முதல் காட்சியிலை மட்டும்தான் விழும். மற்ற மூண்டும் கட்டுறது."

நகரத்தைத் திரும்பக் கட்டிய கதையையும் சொன்னாள். அரசனுக்குக் கூரை என்றாலே பயம் பிடித்துவிட்டது, கூடாரத்தில்தான் குடியிருந்தான். அவனுடைய ஆட்கள் சுவருக்குள்ளே மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து, கூண்டுபோல் ஒரு மாதிரி வீடு கட்டினார்கள். அது நிலநடுக்கத்துக்குத் தாங்குமா என்று பார்க்க, படைவீரர்களைச் சுற்றிவர நிறுத்தி நிலம் அதிர மிதிக்க வைத்தார்கள். வீடு நின்றது. அந்த மாதிரியில்தான் நகரம் முழுவதும் எழும்பியது.

"அந்த ராசா வேசம் எனக்கு," என்றார் சபைத் தலைவர் நீக்கிலாப்பிள்ளை. "கூடாரத்துக்குள்ளை கதிரை போட்டு இருக்கலாம்தானே. எனக்கு முழங்கால் ஏலாது."

யோசப்பினுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அத்தோடு காரியம் தீர்ந்தது.

காட்சி வேலை ஜெனிற்றாவின் கணவன் ஜெரிசனின் தலையில் விழுந்தது. வள்ளங்களும் வீட்டுக் கூரைகளும் செய்கிற ஓடாவி அவன். விழுகிற நகரம் ஒன்று, விழாத வீடு ஒன்று, இரண்டும் வேண்டும் என்றாள்.

"வீட்டைச் செய்து தாறன். விழுற நகரத்தை வேறை ஆரிட்டையாவது குடும். இருவது வருசமாய் நான் செய்தது ஒண்டும் விழேல்லை."

"கயித்தை இழுத்தால் பின்னுக்குச் சாய வேணும். அவ்வளவுதானேயப்பா."

முணுமுணுத்துக்கொண்டே செய்தான். பலகையில் மூன்று மாளிகை முகப்புகள், பின்னால் முட்டுக்கட்டைகள். ஒத்திகையில் கயிறு இழுத்தவுடன் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. ஜெரிசன் மட்டும் மற்றப் பக்கம் திரும்பி நின்றான்.

திருநாள் பின்னேரம் கோயில் முற்றம் நிறைந்துவிட்டது. முதல் வரிசையில் யோசப்பின் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். மேளம் அதிர்ந்தது, நடிகர்கள் தள்ளாடினார்கள், மீன்பிடிச் சங்கத்து அடைக்கலநாதன் திரைக்குப் பின்னால் நின்று கயிற்றை இழுத்தார். ஒன்றும் அசையவில்லை. காலை உதைத்து வலை இழுப்பதுபோல் இழுத்தார். மேடையில் சனமெல்லாம் விழுந்து கிடந்தது. லிஸ்பன் நகரம் நிமிர்ந்து நின்றது.

"சனம் முடிஞ்சுது, கட்டடம் தப்பிட்டுது," என்றது கூட்டத்தில் ஒரு குரல். முற்றமே சிரித்தது.

ஜெனிற்றாவுக்குக் கண் கலங்கியது. ஜெரிசன் தலையைச் சொறிந்தபடி பக்கத்தில் வந்தான்.

"மத்தியானம் காத்து எழும்பிச்சுது. பிள்ளையளுக்கு மேலை விழுந்திடுமெண்டு முட்டுக்கட்டையளிலை நாலு ஆணி அடிச்சனான். கழட்ட மறந்து போனன்."

அவள் அவனைப் பார்த்த பார்வைக்கு நாலு ஆணியும் தானாகக் கழன்றிருக்க வேண்டும்.

அடுத்த காட்சியில் கூடாரத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த அரசன் நீக்கிலாப்பிள்ளை, விழாத மாளிகைகளை மேலும் கீழும் பார்த்தார். எழுதிக் கொடுத்த வசனத்தை விட்டுவிட்டார்.

"மந்திரி, உதுகள் நிக்குதுகள்தான். ஆனால் எனக்கு உதுகளிலை நம்பிக்கையில்லை. நான் உள்ளுக்கை வரமாட்டன்."

கூட்டம் கைதட்டியது. ஜெனிற்றாவுக்கு மூச்சு வந்தது.

கடைசிக் காட்சிக்கு வீரர்கள் எட்டுப்பேர் வந்தார்கள். ஒத்திகை முழுக்கச் செருப்போடு நடந்தவர்கள், அன்றைக்கு எங்கேயோ இரவல் வாங்கிய தடித்த சப்பாத்துகளோடு நின்றார்கள். பீப்பாக்கள்மேல் பலகை அடுக்கிய மேடை அது. மாதிரி வீட்டைச் சுற்றி அவர்கள் மிதிக்கத் தொடங்கியதும் முன்வரிசைக் கதிரைகள்கூட நடுங்கின. மூன்றாம் சுற்றில் பின்னால் ஆணி கழல்கிற கிறீச்சென்ற சத்தம். முதல் மாளிகை பின்பக்கமாகச் சாய்ந்தது. அடுத்தது சாய்ந்தது. மூன்றாவது கொஞ்சம் யோசித்துவிட்டுப் படாரென்று விழுந்து, புழுதியைக் கிளப்பியது.

புழுதி விலகியபோது நடுவில் ஜெரிசன் செய்த வீடு ஒரு சட்டமும் பிசகாமல் நின்றது.

நீக்கிலாப்பிள்ளை முழங்காலை மறந்து கூடாரத்தை விட்டு வெளியே வந்தார். "பாத்தீரே மந்திரி," என்றார் மெதுவாக. "பழசு போச்சுது. இது நிக்குது. இனி இப்பிடிக் கட்டுவம்."

முதலில் எழும்பிக் கைதட்டியவர் யோசப்பின். அவர் தட்டிக்கொண்டே நின்றதைப் பார்த்துப் பின்னால் இருந்தவர்களும் எழும்பினார்கள்.

நாடகம் முடிந்தும் சனம் கலையவில்லை. யோசப்பின் மேடையேறி, வீட்டின் ஒரு மூலையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார்.

"தம்பி ஜெரிசன், இந்தக் குறுக்குச் சட்டம் என்னத்துக்கு?"

அவன் சொல்லத் தொடங்கினான். அதற்குள் அடைக்கலநாதன் வந்து ஆட்டினார். பிறகு பங்குச் சுவாமியார், மேளக்காரர், வீரர் எட்டுப்பேரும். வரிசை மேடைப்படி தாண்டி முற்றத்துக்கு நீண்டது. வெளியாட்களிடம் நான்கு வார்த்தைக்கு மேல் பேசாத தன் கணவன் கையை விரித்துக் காட்டிக் கதைத்துக்கொண்டிருப்பதை, ஜெனிற்றா சாய்ந்து கிடந்த மாளிகையொன்றின் மேல் இருந்தபடி, கோபமெல்லாம் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.