தட்டில் கிடந்தவை

ஆட்டெலும்பைத் தட்டில் தட்டி மஜ்ஜையை உறிஞ்சிய சோலைராஜ், அந்த எண்ணெய்க் கையாலேயே செல்போனை நீட்டினான். "பாருங்க சகலை, எம்புட்டு பெருசுன்னு." பாண்டீஸ்வரி தன் தட்டைத் தள்ளிவைத்தாள்; போட்டோவில் இருப்பது அவளுடைய கர்ப்பப்பை. ஆபரேஷன் முடிந்ததும் வெளியே நிற்கும் ஆளைக் கூப்பிட்டு, எடுத்ததை டிரேயில் வைத்துக் காட்டுவது ஆஸ்பத்திரி வழக்கம். மற்றவர்கள் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவள் புருஷன் போட்டோ பிடித்துவைத்துக்கொண்டு, கல்யாண வீடு, டீக்கடை என்று ஓரிடம் விடாமல் காட்டிவருகிறான், என்னவோ அவனே பெற்றெடுத்த மாதிரி.

வன்னியம்பட்டியில் தங்கை முனீஸ்வரி வீட்டுச் சாப்பாடு. நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அவளுக்கும் கர்ப்பப்பையை எடுக்கிறார்கள். மாதாமாதம் உதிரம் கொட்டி ஆள் வெளுத்துப்போயிருந்தாள், பாவம். அக்கா வாயால் ரெண்டு வார்த்தை தைரியம் கேட்கத்தான் கூப்பிட்டிருந்தாள்.

என்ன தைரியத்தைச் சொல்ல? உதிரம் நின்றது வாஸ்தவம். ஆனால் நாற்பதுகூட ஆகாத உடம்பு கிழடு தட்டிவிட்டது. திடீரென்று நெஞ்சிலிருந்து அனல் ஏறும், ரவிக்கை தொப்பலாகிவிடும். சரியான தூக்கம் கிடையாது. படி ஏறினால் இடுப்பெலும்பு விண்ணென்று தெறிக்கும். இராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிறவளாக இருந்தாள். வேர்வை சொட்டி வெள்ளைத் துணியில் கறை விழுகிறது என்று கூட்டிப் பெருக்கும் வேலைக்குத் தள்ளிவிட்டார்கள். போன மாதம் பார்த்த டாக்டரம்மா, "இந்த வயசுல இப்படி வராதே, சினைப்பையையும் சேத்து எடுத்துட்டாங்களாம்மா?" என்று கேட்டாள். "கர்ப்பப்பை மட்டுந்தாங்க" என்று சோலைராஜ் முந்திக்கொண்டான்.

அருவருத்து இத்தனை நாள் அந்தப் போட்டோவை அவள் பார்த்ததேயில்லை. இன்று வெடுக்கென்று போனைப் பிடுங்கினாள். ரத்தம் தோய்ந்த சதையின் இரண்டு பக்கமும் பாதாம் பருப்பு மாதிரி வெளிறிய உருண்டைகள்.

"இந்த ரெண்டும் என்னது?"

"அது முட்டைப்பை, சினைப்பைம்பாகல்லா. நல்லாத்தான் இருக்கு, கையோட எடுத்திரவான்னு கேட்டாக. எடுத்திருங்கன்னுட்டேன். இனிமே அது எதுக்கு ஒனக்கு?"

"பொறவு ஏன் டாக்டரம்மாட்ட இல்லேன்னீக?"

"அவிய வைவாகல்லா." விரலில் வழிந்த குழம்பை நக்கினான்.

இந்தக் கையா இத்தனை வருஷம் தன்னைத் தொட்டது என்று நினைக்கவே அவளுக்கு உடம்பு கூசியது. அனல் ஏறத் தொடங்கியது. கழுத்தில் வேர்வை வழிய வழியத் தங்கையைப் பார்த்தாள்.

"முனீசு, நாளைக்குப் போகாத. வேற டாக்டரம்மாட்ட போவோம். மருந்துல நிக்குமான்னு கேப்போம். எடுத்துத்தான் ஆகணும்னாலும், எதை எடுக்காக, எதை விடுதாகன்னு நீயே வாயத் தொறந்து கேளு. நானும் உள்ள வாரேன்."

"நாள் குறிச்சாச்சே மதினி" என்று முனீஸ்வரியின் புருஷன் காமராஜ் இழுத்தான்.

முனீஸ்வரி எட்டி அக்கா கையிலிருந்து போனை வாங்கினாள். திரை முழுக்க எண்ணெய் விரல் தடம். முந்தானையால் அதை அழுத்தித் துடைத்துவிட்டு, அந்த இரண்டையும் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள்.