சூடத்தின் மேல் வைத்த கை

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் தங்கமணி கடிகாரம் பார்த்துச் சோறு வைத்ததில்லை. கணவன் இராமலிங்கத்தின் நீராவி வண்டி பின்வாசலைக் கடக்கும்போது ஒரு நீண்ட ஊதலும் இரண்டு குட்டை ஊதலும் கேட்கும். அப்போது உலையில் அரிசி போட்டால், அவன் ஷெட்டில் இஞ்சினை விட்டு வீடு வரவும் சோறு வடியவும் சரியாக இருக்கும். அந்த வீட்டு வரிசையில் ஒவ்வொரு டிரைவருக்கும் ஓர் ஊதல். அடுத்தவன் ஊதலை எவனும் தொடமாட்டான்.

இன்று அவன் கிள்ளானுக்குப் போவதாகவும் பொழுது சாய்ந்துதான் வருவதாகவும் சொல்லியிருந்தான். அதனால் லீவில் இருந்த தன் தம்பி அய்யாவு ஒருவனுக்கு மட்டும் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். ஏழு வருடமாக இராமலிங்கத்தின் வண்டியில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் அவன்தான். தையில் அவனுக்குக் கல்யாணம்.

புதிதாக வந்திருக்கும் டீசல் இஞ்சின் எண்ணெயில் மின்சாரம் உண்டாக்கி அதிலேயே ஓடுமாம். நெருப்பும் இல்லை, ஃபயர்மேனும் வேண்டாம். ஃபயர்மேன்களுக்கு வேறு வேலை தருவதாக எழுதிக் கொடுக்கும்வரை டீசலில் கால் வைப்பதில்லை என்று டிரைவர்கள் ஆறு பேரும் மாரியம்மன் கோவிலில் சூடத்தின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தார்கள். முதலில் கை வைத்தவன் இராமலிங்கம்.

தண்டவாளம் அதிர்ந்தது. புகையே இல்லாமல் பளபளவென்று வந்தது டீசல். எருமை கத்தியது போல அதன் ஹாரன் ஒலித்தது. ஒரு நீளம். இரண்டு குட்டை.

கரண்டி தங்கமணியின் கையிலேயே நின்றது. பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்த அய்யாவு மெல்லத் திரும்பினான்.

“அக்கா, அரிசியப் போடு. மச்சான் வந்துட்டாரு.”

“வேற யாராச்சும் இருக்கும்டா.”

“பக்கத்துலயே நின்னவன்க்கா நானு. அந்தக் கை எனக்குத் தெரியாதா? பழக்கத்துல அடிச்சுட்டாரு, பாவம்.”

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை அவளால் பார்க்க முடியவில்லை. மீன் கருகியது.

மாலையில் இராமலிங்கம் வந்தான். “கிள்ளான்ல என்னா வெயிலு! மண்டையப் பொளந்துடுச்சு.”

படியிலிருந்த அய்யாவு எழுந்து வழிவிட்டான். “வாங்க, டிரைவர் சார்.”

இராமலிங்கத்தின் முகம் மாறியது.

“நான் ஏறலன்னா இன்னொருத்தன் ஏறுவான்லா,” என்றான் அவன், மனைவியைப் பார்த்து. “நம்ம புள்ளைங்கள நெனச்சுத்தான் தங்கம்.”

“அவனையும் புள்ள மாதிரின்னுதானே சொல்லுவீங்க?”

அவன் கொல்லைத் தொட்டிக்குப் போனான். தினமும் செய்வதுபோல் சோப்பை எடுத்துக் கழுத்தையும் முழங்கையையும் நெடுநேரம் அழுத்தித் தேய்த்தான். கரி இல்லாத சோப்பு நுரை வெள்ளை வெளேரென்று வாய்க்கால் நோக்கி வழிந்து, படியருகே அசையாமல் நின்ற அய்யாவின் கால்களைச் சுற்றிக்கொண்டு ஓடியது.