கஷ்டம்தானே என்றார் செகியா

தொகார் சினாகா எங்கள் வடிவமைப்புப் பிரிவில் சேர்ந்த அன்று, அவன் மேசைக்கென்று வந்த பெயர்ப் பலகையில் 'ஷினாகாவா' என்று அச்சாகியிருந்தது. அது தோக்கியோவில் ஒரு ரயில் நிலையத்தின் பெயர். எழுத்துப் பிழை என்று நினைத்து யாரோ நல்லெண்ணத்தில் திருத்தியிருக்கிறார்கள். எங்களில் யாராவதாக இருந்தால் அதை வாங்கி வைத்துக்கொண்டு, ஓய்வு பெறும்வரை ஷினாகாவாவாகவே இருந்திருப்போம். தொகார் பலகையைத் தூக்கிக்கொண்டு நேராக நிர்வாகப் பிரிவுக்குப் போய், "இந்த ஸ்டேஷன்ல நான் எறங்கலங்க, மாத்திக் குடுங்க" என்றான். மாடி முழுக்கக் கேட்டது.

அவன் குரல் அப்படி. சுமத்ராவில் தோபா ஏரிக்கரை அவனுக்கு ஊர். படகில் போகிறவர்களோடு கரையில் நின்றே பேசி முடித்துவிடுகிற ஜனங்கள் அவர்கள். அங்கே மேதான் நகரில் இயந்திரவியல் முடித்து, மேல்படிப்புக்காக எங்கள் நகாவோகாவுக்கு வந்தவன். பனியை முதன்முதலாகப் பார்த்தது இங்கேதான். பார்த்த நாளிலிருந்து அதற்கும் அவனுக்கும் ஒத்துவரவில்லை. நடந்தால் விழுந்தான், சைக்கிள் ஓட்டினால் சைக்கிளோடு விழுந்தான்.

எங்கள் கம்பெனி பனி வாரி எறியும் இயந்திரங்கள் செய்கிறது. நேர்முகத் தேர்வுக்குக் கறுப்புக் கோட்டும் வெள்ளைச் சட்டையுமாக வந்த அத்தனை பேரும், சமுதாயத்துக்குத் தொண்டு செய்ய விரும்புவதாக ஒரே குரலில் ஒப்பித்தார்களாம். இவன் முறை வந்தபோது, "எனக்குப் பனியைப் பிடிக்காதுங்க. அதைத் தூக்கி எறியிற மெஷின் செஞ்சா மனசு ஆறும்" என்றிருக்கிறான். இயக்குநர் ஒபாரா கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டாராம். வேலை கிடைத்துவிட்டது.

என் பெயர் மிசுஸு கதாகிரி. வரைபடம் போடுவது என் வேலை. தொகாருக்குப் பக்கத்து மேசை என்பதால், அவனுக்கு எதையாவது பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள்.

முதல் குளிர்காலத்தில் அவனைப் பழுதுபார்க்கும் வண்டியோடு அனுப்பினார்கள். புதிதாகச் சேர்கிறவர்கள் எல்லோருக்கும் அது உண்டு. தொகாருக்கு அது தெரியாது. பல்சக்கரம் வடிவமைக்க வந்தவனை அடைப்பு எடுக்க அனுப்புகிறார்கள், தன்னைப் பிடிக்கவில்லை என்றால் நேராகவே சொல்லலாமே என்று என்னிடம் புலம்பினான். நேராகச் சொல்வது எங்கள் வழக்கமில்லை என்பதை அப்போதே நான் சொல்லியிருக்கலாம். எங்கள் வழக்கப்படி, "போகப் போகப் பழகிடும்" என்று சொல்லி வைத்தேன்.

எங்கள் நீகாதா மாகாணத்தின் பனி ஈரமானது, கனமானது. இயந்திரம் அதை அள்ளி மேலே வீசுகிற புனலில் ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். எஞ்சினை நிறுத்திவிட்டு, கூடவே கொடுத்திருக்கிற குச்சியால் குத்தி எடுக்க வேண்டும். ஆனால் எஞ்சினை நிறுத்தினால் மறுபடி கிளப்புவது பெரும்பாடு, குச்சியும் எங்கேயாவது தொலைந்திருக்கும். ஆகவே உள்ளே இரும்பு அலகு சுழலும்போதே ஜனங்கள் கையை விடுவார்கள். அந்தக் குளிர்காலத்தில் தொஃபு கடைக்காரர் ஒருவர், தம் வலது கையில் விரல் இல்லாத இடத்தை வேடிக்கை போல அவனுக்குக் காட்டினார். கம்பெனிக்குத் திரும்பி வந்தவன் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. அடைப்பு எடுக்கும் வேலையைப் பற்றி அதன்பிறகு அவன் புலம்பவும் இல்லை.

மார்ச்சில் மேசைக்குத் திரும்பியபோது ஒரு யோசனையோடு வந்தான். கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு லீவர் இருக்கும். அதை இழுத்தால் புனலுக்குள்ளே ஒரு தகடு அசைந்து, ஒட்டிய பனியைத் தள்ளிவிடும். கையை விடவே வேண்டியதில்லை. எங்கள் பிரிவுத் தலைவர் செகியாவிடம் வரைபடத்தை விரித்துக் காட்டினான்.

செகியா பரம சாது. நேற்று சேர்ந்தவனைக்கூட மரியாதைக்கு 'சான்' சேர்த்துத்தான் கூப்பிடுவார். 'முடியாது' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டவர்கள் கம்பெனியில் யாருமில்லை. வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். பல் இடுக்கு வழியாக ஸ்ஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தார்.

"இது... கொஞ்சம் கஷ்டம்தானே, சினாகா சான்."

அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்துவிட்டது. விஷயம் முடிந்தது, வரைபடத்தைச் சுருட்டி வைக்கலாம். புரியாத ஒரே ஆளின் முகம் மலர்ந்தது.

"கஷ்டம்தான் செகியா சான். நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவன் வேலையை ஆரம்பித்தான்.

கோடை வந்தது. அவன் ஒவ்வொரு கட்டமாகக் கொண்டுபோய்க் காட்டினான். செகியா ஒருமுறை, யோசித்து வைப்போம் என்றார். தலைவர் வீட்டிலும் இதையே யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று தொகார் எங்களிடம் பெருமைப்பட்டான். இன்னொரு முறை அவர் வாய் திறக்காமல் காற்றை மட்டும் இழுத்தார். மறுநாள் தொகார் அவர் மேசையில் ஒரு சிறு பொட்டலத்தை வைத்தான். ஊரிலிருந்து அம்மா அனுப்பிய கிராம்பு. பல்வலிக்கு நல்லது, கடைவாயில் அடக்கிக்கொள்ளுங்கள் என்றான். செகியா எழுந்து நின்று குனிந்து நன்றி சொன்னார். அவன் பார்த்துக்கொண்டே நின்றதால் ஒன்றை வாயில் போட்டும்கொண்டார்.

அதற்குள் விஷயம் பட்டறைக்குப் போய்விட்டது. அங்கே தகடு வெட்டுகிறவர்களிடம், செகியா சான் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று தொகார் உண்மையைத்தான் சொன்னான். தலைவர் பெயரைக் கேட்டதும் அவர்கள் லீவரைச் செய்து, சாயமும் அடித்துக் கொடுத்துவிட்டார்கள்.

செகியா என்னை நடைபாதைக்கு அழைத்துப் போய், சினாகா சான் மனம் நோகாதபடி ஒரு வார்த்தை சொல்ல முடியுமா என்று கேட்டார். அவனை சோபா நூடுல்ஸ் கடைக்குக் கூட்டிப் போனேன். வாழ்க்கையில் ஒரே வேலையையே பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை, சுற்றிலும் எத்தனையோ சுவாரசியமான வேலைகள் இருக்கின்றன என்று சுற்றி வளைத்துச் சொன்னேன். தொகார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைக் கவலையோடு பார்த்தான்.

"கதாகிரி சான், நீங்க வேலையை விடப் போறீங்களா?"

என்னால் முடிந்தது அவ்வளவுதான். மீதி நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

அக்டோபரில் ஒபாரா பட்டறை வழியாக நடந்தபோது, பளபளவென்று லீவர் பூட்டிய ஒரு இயந்திரத்தைப் பார்த்து நின்றார். இதை யார் அனுமதித்தது என்று கேட்டார். பட்டறைக்காரர்கள் செகியா பெயரைச் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் செகியா மாடிக்கு அழைக்கப்பட்டார். இறங்கி வந்தபோது அவர் காது இரண்டும் சிவந்திருந்தன. நேராகத் தொகார் மேசைக்கு வந்து நின்றார். ஏதோ பாரம் தூக்கப் போகிறவர் போலத் தோளை ஒருமுறை குலுக்கிக்கொண்டார்.

"சினாகா சான். வேண்டாம்."

"எது வேண்டாங்க?"

"அந்த லீவர். அது முடியாது. நிறுத்திடுங்க."

எங்கள் விரல்கள் எல்லாம் விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டன. அவன் அழுவானோ, கத்துவானோ, ராஜினாமா எழுதிக் கொடுப்பானோ என்று நான் பார்த்திருந்தேன். தொகார் எழுந்து, நன்றாகக் குனிந்து வணங்கினான்.

"ரொம்ப நன்றி செகியா சான். இப்பதான் புரிஞ்சுது. சரி, ஏன் முடியாது?"

அந்த இரண்டாவது கேள்விக்குச் செகியா தயாராக வரவில்லை. வேண்டாம் என்று சொல்வதற்கே அவருடைய பலமெல்லாம் செலவாகியிருந்தது. ஆனால் விடை அவரிடம் இருந்தது. அதுதான் வேடிக்கை. மார்ச்சிலிருந்தே இருந்தது. லீவரின் அச்சுக்குள் பனித்தண்ணீர் இறங்கும், வெளியே நிறுத்தி வைத்த இயந்திரத்தில் விடிவதற்குள் அது கட்டியாக உறைந்துவிடும், லீவர் அசையாது, கடைசியில் ஜனங்கள் கையைத்தான் விடுவார்கள் என்றார்.

உறையாது, தண்ணீர் புகாதபடி அடைப்பான் வளையம் போட்டிருக்கிறேன் என்றான் தொகார். அந்த வளையம் குளிரில் கல்லாகிவிடும் என்றார் செகியா. வேறு ரப்பர் இருக்கிறது என்றான் இவன். எந்த ரப்பர் என்று கேட்டார் அவர். தொகாரின் குரல் ஏரியின் மறுகரைக்குக் கேட்கிற அளவுக்கு உயர்ந்தது. எங்களை வாயடைக்க வைத்தது செகியாவின் குரல். அதுவும் கூடவே ஏறியது.

"நீ பொறந்ததிலேருந்து பனியில வாழ்ந்தியா? நான் வாழ்ந்திருக்கேன். உறையும்."

எதிர்ப் பிரிவில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தவர் பிறகு அழைப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். தலைவர் ஒரு ஊழியரை 'நீ' என்று அழைத்து அங்கே யாரும் கேட்டதில்லை. தொகார் கோபப்படுவான் என்று பார்த்தால், யாரோ வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தது போல அவன் முகம் தெளிந்தது.

"அப்ப வாங்க, உறைய வச்சுப் பாப்போம்" என்றான்.

இயந்திரத்துக்குத் தண்ணீர் தெளித்துப் பட்டறையின் குளிர் அறைக்குள் விட்டுவைத்தார்கள். மறுநாள் காலை கதவைத் திறந்தபோது, ஏதோ சாக்குச் சொல்லிக்கொண்டு பாதிக் கம்பெனி அங்கே நின்றது. தொகார் லீவரை ஒரு கையால் இழுத்தான். இரண்டு கையாலும் இழுத்தான். ஒரு காலைச் சக்கரத்தில் ஊன்றித் தொங்கினான். அது அசையவில்லை. செகியாவே பார்க்கப் பொறுக்காமல், இன்னொரு பக்கம் பிடித்து அவனுக்காக இழுத்துப் பார்த்தார். அப்போதும் அசையவில்லை.

தொகார் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மார்ச்சுலயே சொல்லியிருக்கலாமே, செகியா சான்."

"சொன்னேனே."

"கஷ்டம்னு சொன்னீங்க."

"அதத்தான் சொல்றேன்."

"எங்க ஊர்ல கஷ்டம்னா, கஷ்டப்பட்டுச் செய்யணும்னு அர்த்தம்."

செகியா பக்கத்தில் இன்னொரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டார். இருபது வருஷமாக எத்தனையோ பேரிடம் கஷ்டம் என்று சொல்லியிருக்கிறேன், ஒருத்தன்கூட அதைச் செய்து எடுத்துக்கொண்டு வந்து நின்றதில்லை என்றார். சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். தொகாருக்குச் சிரிப்பு வர இன்னும் கொஞ்சம் நேரமாயிற்று. எட்டு மாத வேலை அவன் கண்முன்னே பனிக்கட்டியாக நின்றது. கூட்டம் நாகரிகமாகக் கலைந்தது.

அதன்பிறகு தினமும் சண்டைதான். சாப்பாட்டு வேளையில், படிக்கட்டில், நிறுத்துமிடத்தில் காரின் மேல் விழுந்த பனியைத் துடைத்துக்கொண்டே. முதலில் பயந்த நாங்கள் பழகிவிட்டோம். இரண்டு பேரும் பேசாமலிருக்கும் நாளில்தான், உடம்பு சரியில்லையா என்று விசாரித்தோம். லீவர் போயிற்று, தகடு போயிற்று. கடைசியில் புனலே ஒரு பக்கம் கீல் வைத்துப் பெட்டி மூடி போலத் திறக்கும்படி ஆயிற்று. அதன் கொக்கியை விடுவித்தாலே உள்ளே சுழலும் அலகு நின்றுவிடும். திறந்ததும் ஒட்டியிருந்த பனி தானாகக் கீழே விழுந்துவிடும். குளிர் அறையில் உறைய வைத்துப் பார்த்தார்கள். கொக்கியை ஒரு தட்டுத் தட்ட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

ஒபாரா ஒப்புக்கொண்டார். அடுத்த வருஷ வெளியீட்டுக்கு அதைச் சேர்த்துவிட்டு, முதல் இயந்திரங்களை எப்போது தரலாம் என்று ஒரு தேதி சொன்னார். செகியா அவரிடம், "முடியாதுங்க" என்றார். இயக்குநர் அதிர்ச்சியில் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். தேதி தள்ளிப் போடப்பட்டது.

தொகார் புனல் திறப்பதை வீடியோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினான். பனி தானாகவே உருகிவிடுமே, அதைத் தூக்கிப் போட ஒரு மெஷினா, அதற்கா இவ்வளவு படிப்பு என்று அந்த அம்மா கேட்டார்களாம். அதை எங்களிடம் சொல்லும்போது அவன் பல் இடுக்கில் காற்றை இழுத்தான். தான் அப்படிச் செய்ததே அவனுக்குத் தெரியவில்லை. நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

மறு குளிர்காலத்தில் முதல் இயந்திரங்களில் ஒன்றை மலைமேல் ஒரு சிற்றூருக்குக் கொண்டுபோனோம். செகியா, தொகார், படம் எடுக்க நான். வாங்கியவர் ஒனோஸுகா என்ற பெண்மணி, பிள்ளைகள் பட்டணத்தில், தனியாக இருக்கிறவர். வாசலில் கூரை விளிம்பு வரை பனி நின்றது. ஈரப் பனி. அவர் எஞ்சினைக் கிளப்பிச் சுவர் ஓரமாக ஓட்டினார். கொஞ்ச தூரத்தில் புனல் அடைத்தது. கொக்கியைத் தட்டினார். அலகு நின்றது, புனல் திறந்தது, பனி தொப்பென்று அவர் பூட்ஸ் மேல் விழுந்தது. கையை உள்ளே விடவில்லை. தொகார் மூச்சு விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

செகியா முன்னே போய், எப்படி இருக்கிறது, ஏதாவது சிரமம் உண்டா என்று பணிவாகக் கேட்டார். பாராட்டை எதிர்பார்த்து லேசாகக் குனிந்தும் நின்றார்.

"தொறக்குது. அது நல்லாருக்கு" என்றார் ஒனோஸுகா. "ஆனா சத்தம் ஜாஸ்தி. கைப்பிடி என் உயரத்துக்குச் செய்யல. இந்தச் செவப்பு கண்ணக் குத்துது. யாரு செஞ்சது இத?"

மலை ஜனங்கள் இப்படிப் பேசுவார்கள் என்று தொகாருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தால், ஊர்க்காரர் யாரையோ வழியில் சந்தித்துவிட்டவன் போல இருந்தது.

"நான்தாங்க" என்று கையைத் தூக்கினான்.

"கைப்பிடி அவன் செஞ்சது. தொறக்கிற யோசனை என்னோடது" என்றார் செகியா.

"உங்களோடதா? கீல் வைக்கலாம்னு படிக்கட்டுல வச்சு நான்தானே சொன்னேன்?"

"நீ கீல் வைக்கலாம்னு சொன்னது தகட்டுக்கு. புனலுக்கு இல்ல."

ஒனோஸுகா இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் பார்த்தார். கையுறையைக் கழற்றி உதறிக்கொண்டே, முள்ளங்கி ஊறுகாய் இருக்கிறது, சாப்பிடுவாயா என்று என்னைக் கேட்டார். சாப்பிடுவேன் என்றேன். வாசலில் சண்டை கீலிலிருந்து கொக்கிக்குப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே போகும் முன் அவர் திரும்பி, முடிச்சுட்டு வாங்க, தேநீர் ஆறிடும் என்று இருவருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.