இடது பாதியில் இருந்த நத்தை

பக்கவாதம் வந்த நான்கு மாதத்தில் கையும் காலும் எனக்குத் திரும்பிவிட்டன. பார்வைதான் திரும்பவில்லை. இரண்டு கண்ணிலும் இடது பாதி தெரியாது என்றார் டாக்டர்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு, அடிபட்டது மூளையில. தலையை இடப்பக்கம் திருப்பித் திருப்பிப் பாருங்கம்மா."

எனக்கு இருட்டும் இல்லை, மறைப்பும் இல்லை. உலகம் முழுசாகத்தான் தெரிந்தது. எதற்குத் திருப்ப வேண்டும்?

தென்கொரியாவின் பூசான் நகரச் சந்தையில், முட்டைக்கோஸை உப்பிலும் மிளகாயிலும் ஊறவைத்து விற்கும் என் கிம்ச்சிக் கடையை அதுவரை தங்கை மல்-ஹீ பார்த்துக்கொண்டாள்.

"குளிர்காலக் கிம்ச்சி போடுற அன்னிக்கு வாக்கா. சமாளிச்சிட்டா கடை உன்னோடது. இல்லேன்னா வீட்டுல உக்காரு" என்றாள்.

போனேன். உப்பில் ஊறிய முட்டைக்கோஸ்களை நானே அலசினேன். மல்-ஹீ இலை இலையாக விரித்து மிளகாய்ச் சாந்து தடவினாள். கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ அழுகல் நாற்றம்.

"என்னடி, பன்னித் தொழுவமா இது?"

"வந்ததும் ஆரம்பிச்சிட்டியா?"

இருபது வருட வாடிக்கைக்காரி ஹே-ரின் அம்மா கிம்ச்சி வாங்க வாளியோடு வந்தாள். கிம்ச்சி போடும் நாளில் வந்தவர் வாயில் முதல் இலையை நம் கையால் ஊட்டவேண்டும். மஞ்சள் குருத்தில் சாந்தைச் சுருட்டி அவள் வாயில் வைத்தேன். இரண்டு முறை மென்றவள் முகம் கோணி உள்ளங்கையில் துப்பினாள்.

ஓடில்லாத நத்தை. உப்பில் செத்து வெளுத்தது. பாதிதான் இருந்தது.

"நான் கறி கேக்கலையே, கிம்ச்சிதானே கேட்டேன்!" என்று ஓங்கரித்தபடி காலி வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"யாருடி இதைக் கழுவினது?"

"நீதான்க்கா!"

மல்-ஹீ மிளகாய்க் கையாலேயே என் தாடையைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினாள். அலசுகிற தொட்டியின் அந்தப் பாதி முழுக்கச் சேறு, கூழாய்ப் போன பழுப்பு இலை, ஊறி உப்பிய நத்தைகள். என் இடது கைச்சட்டை அதிலேயே தோய்ந்து நாறிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து இந்தக் கைதான் எல்லாவற்றையும் தொட்டது. ஓடிப்போய்ச் சாக்கடையோரம் வாந்தி எடுத்தேன்.

"போதும்க்கா. வீட்டுக்குப் போ."

"தொட்டியைக் கழுவிட்டு, அலசினது எல்லாத்தையும் திரும்பக் கொட்டு" என்றேன்.

இடது கையைத் தொட்டியின் விளிம்பில் வைத்தேன். அந்தக் கை கண்ணில் படும்வரை தலையைத் திருப்பி, அங்கிருந்து வலப்பக்கமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு கோஸுக்கும் இப்படியே. நத்தை அகப்பட்டபோதெல்லாம் விரலால் வழித்து எறிந்தேன்.

"ஏழு நத்தை" என்றேன் கடைசியில்.

மல்-ஹீ குனிந்து பார்த்தாள். "எட்டு."

இன்னும் திருப்பினேன். என் மணிக்கட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது, சனியன்.

"கடை உன்னோடதுதான். ஆனா நீ கழுவினது, நான் பார்த்தப்புறம்தான் ஜாடிக்குப் போகும். சரியா?"

இருபது வருடக் கடையில் எனக்கொரு மேஸ்திரி! எரிச்சலாகத்தான் இருந்தது. மணிக்கட்டைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே, "சரிடி" என்றேன்.