சால்வைக்கு வெளியே

புராவ் ஊர் ஒட்டகச் சந்தையில் ரோப்லே வாய் திறந்து விலை சொல்லி யாரும் கேட்டதில்லை. தரகு பார்ப்பவர். வாங்க வந்தவன் கையைத் தன் சால்வைக்குள் இழுப்பார். விலைக் கணக்குக்கு விரலைப் பிடித்து அமுக்குவார். அவன் திருப்பி அமுக்குவான். வியாபாரம் முடிந்தது. சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. தெரியக் கூடாது என்பதுதான் தொழிலே. இந்த ஊரில் நம்பத் தகுந்தது ஒட்டகம் ஒன்றுதான், அதுவும் படுத்திருக்கும்போது மட்டும்தான் என்பது அவர் கட்சி.

அப்பேர்ப்பட்ட மனிதர், கடைக்குட்டி மகள் சஹர்லாவின் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் தேநீர்க் கோப்பையைக் கைநழுவ விட்டு உடைத்தார். காரணம் பெண்டாட்டி கின்ஸி.

"நாளைக்குப் பாட்டுல சொல்லிடப் போறேன்."

"எதை?"

"எதைன்னு உனக்குத் தெரியும், ரோப்லே."

தெரியும். சஹர்லாவுக்கு அது செய்யவில்லை. அங்கெல்லாம் பெண்பிள்ளைக்கு ஏழெட்டு வயதானால் கத்திக்காரியைக் கூப்பிட்டு அடியில் வெட்டித் தைத்து மூடிவிடுவார்கள். செய்யாதவளை எவன் கட்டுவான் என்பார்கள். மூத்தவளுக்குச் செய்தார்கள். ஒவ்வொரு பிரசவத்திலும் அவள் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் கின்ஸி. சின்னவள் முறை வந்தபோது கத்திக்காரியை வாசலோடு திருப்பி அனுப்பினாள். புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஹர்கெய்சா போய், உறவுக்காரர் வீட்டில் சில நாள் அல்வா தின்றுவிட்டு வந்து, "அங்கேயே முடிச்சாச்சு" என்று சொன்னார்கள். ஊரும் நம்பியது.

அதன் பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. போன வருஷம் வண்டி போட்டுக்கொண்டு வந்த ஆபீஸ் பெண்கள், "இதைப் பத்தி நாலு பேர் முன்னால பேசணும் மாமா" என்றபோது, "ஒட்டக விலை கேளு, சொல்றேன். அதையே சத்தமாச் சொல்ல மாட்டேன். போவியா!" என்று விரட்டியவர் ரோப்லே.

"மாப்பிள்ளைக்குத்தான் தெரியுமே, அது போதாதா?" என்றார் இப்போது.

"லிபானுக்குத் தெரியும். சஹர்லாவே சொல்லிட்டா, அவனும் சரின்னுட்டான். அவன் அம்மாவுக்குத் தெரியாதே. 'அந்த வீட்டுல திருடி மாதிரி ஒளிஞ்சு வாழ மாட்டேன். நிக்காஹ்வுக்கு முன்னால சொல்லு, இல்லன்னா கல்யாணமே வேணாம்'ங்கிறா உன் மக."

"யாருக்கு, தஹபோவுக்கா? அந்த வாய்க்கா?"

பயம் நியாயமானதுதான். கல்யாணத்தில் பெண்கள் பந்தலில் முரசு தட்டி எதிர்ப்பாட்டுப் பாடுவார்கள். பெண் வீட்டார் ஒன்று எடுத்தால் மாப்பிள்ளை வீட்டார் நின்ற நிலையில் பதில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மானம் போச்சு. அதில் தஹபோவை மிஞ்ச ஆள் கிடையாது. அவள் பாட்டில் அடிபட்ட குடும்பம் ஒன்று வீட்டை விற்றுவிட்டு எல்லை தாண்டி ஜிபூத்திக்கே போய்விட்டதாகப் பேச்சு.

"தனியாப் போய்ச் சொல்லேன், கின்ஸி."

"தனியாச் சொன்னா கல்யாணத்தைத் தனியா நிறுத்திட்டுப் போயிடுவா. எல்லார் முன்னாலயும் சொன்னா எல்லார் முன்னாலயும் பதில் சொல்லியாகணும். ரோஷக்காரி. பதில் சொல்லாம போக மாட்டா."

"நல்ல பதிலா இருக்கணுமே!"

"இருக்கணும்" என்றாள் கின்ஸி. குனிந்து உடைந்த கோப்பைச் சில்லைப் பொறுக்கினாள்.

மறுநாள் மத்தியானம் மைக் செட் வந்தது. மைக் செட்டுக்கார அவாலே குழாயைப் பெண்கள் பந்தலைப் பார்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். ரோப்லேக்கு ஒரு யோசனை உதித்தது. குழாய் தெருப்பக்கம் திரும்பியிருந்தால் பந்தலுக்குள் எவள் காதில் விழும்? முரசுச் சத்தத்தில் கின்ஸி பாட்டு கரைந்துபோகும். சொன்ன மாதிரியும் ஆச்சு, சொல்லாத மாதிரியும் ஆச்சு.

"டேய் அவாலே! பொம்பளைங்க பந்தல்ல உனக்கு என்னடா வேலை? குழாயைச் சரி பண்ற சாக்குல எட்டிப் பாக்கலாம்னா? தெருப்பக்கம் திருப்பு!"

"தெருப்பக்கமா? உள்ள இருக்கிறவங்களுக்குக் கேக்காதே பெரியப்பா."

"கேக்க வேணாம்! திருப்பு!"

அவாலே தலையில் அடித்துக்கொண்டு திருப்பினான். ரோப்லே தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு தெருவைத் தாண்டிப் போய், வேல மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த ஆண்களோடு உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். குழாய் நேராக அவர் மூஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எழுந்து ஓடலாம் என்று பார்த்தால், பக்கத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா கேல்லே. அவனும் தரகன், முப்பது வருஷப் போட்டிக்காரன். தோளைப் பிடித்து உட்கார வைத்துவிட்டான். "எங்க ஓடுறே? பாட்டு ஆரம்பிக்குது, உக்காரு."

முரசு தட்டிவிட்டது. இனி குழாய் சொல்வதற்கு முன்னால் தானே கேல்லேயிடம் சொல்லிவிட்டால் தேவலை என்று பட்டது. வாய் வரவில்லை. பழக்கதோஷம், கேல்லேயின் கையைச் சால்வைக்குள் இழுத்தார். ஒரு விரலை அமுக்கினார். ஒரு பெண். அதற்கு மேல் எப்படிச் சொல்வது? விரலில் எண் உண்டு, இதற்கு ஏது? திரும்பவும் அந்த ஒரு விரலையே அமுக்கினார்.

கேல்லேயின் கண் சுருங்கியது. "ஏன்யா, பொண்ணுக்குத் தர வேண்டிய ஒட்டகமெல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்ப இன்னொண்ணு கேக்கிறியே, நீ மனுஷனா?"

"அய்யோ, அது இல்லய்யா..."

"பின்ன ஒண்ணுன்னா என்ன? ரெண்டு தடவை வேற அமுக்குறான்!"

அதற்குள் குழாய் கரகரத்தது. கின்ஸியின் குரல் தெருவை நிறைத்தது.

*மழை நாளில் பிறந்தவளே, மகளே சஹர்லா,*
*மடி சுரந்த ஒட்டகம்போல் மனை நிறைஞ்சு வந்தவளே!*
*கத்தியோட வந்தவளைக் கதவோட அனுப்பிவெச்சேன்,*
*நூலோட வந்தவளை வாசலோட திருப்பிவெச்சேன்.*
*பெத்தபடி வளர்த்தேன், பெத்தபடி தாரேன்,*
*படைச்சவன் தந்ததில ஒரு துளியும் குறையலியே!*

முரசு நின்றுவிட்டது. வேல மரத்தடியில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் செவிடானார்கள். ஒருவன் தேநீரில் ஏலக்காய் தேடினான். ஒருவன் வானத்தைப் பார்த்து, "மழை வரும்போல" என்றான். மேகம் ஒரு துணுக்குகூட இல்லை. "ஆமா, வரும்" என்றார்கள் நாலு பேர். கேல்லே செருப்பைக் கழற்றி அதில் கல் இருக்கிறதா என்று பார்த்தான்.

ரோப்லே பந்தலையே பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டு அத்தை ஒருத்தி முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். "வெக்கங்கெட்ட குடும்பம்" என்று தெருவுக்கே சொன்னாள். இறைச்சித் தட்டைக் கையோடு எடுத்துக்கொண்டுதான் போனாள். அவள் பின்னால் இன்னும் யார் யார் வருவார்கள் என்று ரோப்லே காத்திருந்தார். முதலில் தஹபோ வருவாள். அப்புறம் நிக்காஹ் இல்லை. அப்புறம் சஹர்லா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

யாரும் வரவில்லை. குழாயில் யாரோ மைக்கைப் பிடுங்குகிற சத்தம். அப்புறம் ஒரு செருமல். அந்தச் செருமல் ஊருக்கே தெரியும்.

"போச்சு" என்றார் ரோப்லே. "ஜிபூத்தியில வீட்டு வாடகை எவ்வளவுன்னு விசாரி."

தஹபோ எடுத்தாள்.

*சம்பந்தி கின்ஸி, நீ சத்தமாச் சொல்லிட்டியே!*
*ஹர்கெய்சா போனேன்னு நானும்தான் கதைவிட்டேன்,*
*பிஸ்கட்டு வாங்கித் தந்து என் பொண்ணைக் கூட்டி வந்தேன்.*
*உன் நாக்குக்கு நான் பயந்தேன், என் நாக்குக்கு நீ பயந்தே,*
*ரெண்டு பயந்தாங்கொள்ளி இன்னைக்குச் சம்பந்தியே!*

பந்தலுக்குள் ஒரு சிரிப்பு வெடித்தது. தஹபோ விடவில்லை. அடுத்த அடிக்கு, மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுக்கிற உப்புக்கண்டக் கலயத்தைப் பிடித்துக்கொண்டாள். மணப்பெண் மாதிரி துணி சுற்றி, கயிற்றால் முடிச்சு முடிச்சாகக் கட்டி வைத்திருப்பார்கள். முடிச்சை அவிழ்த்துத்தான் திறக்க வேண்டும். கத்தி வைத்தால் குடும்பத்துக்கே கேவலம்.

*கலயத்துக் கயித்தையே அறுக்காம அவிழ்க்கிறோம்,*
*கண்ணான பிள்ளை என்ன கலயத்தைவிட மட்டமா?*
*குறையாத பொண்ணு தந்தே, குறைவில்லாம வாழவைப்பேன்,*
*கொட்டுங்கடி முரசை, கூரை பறக்கட்டும்!*

கூரை பறக்கத்தான் செய்தது. குலவை கிளம்பியது. முரசு ஒன்று இருந்த இடத்தில் தாம்பாளம், குடம், கைக்குக் கிடைத்ததெல்லாம் முரசாயிற்று. அந்த இரைச்சலுக்கு மேலே ஒரு சின்னச் சிரிப்பு ரோப்லேக்குத் தனியாகக் கேட்டது. சஹர்லா சிரிக்கிறாள். மைக்குக்கு வெகு பக்கத்தில் நிற்கிறாள் போல.

மரத்தடியில் ஆண்கள் மட்டும் இன்னும் மழைக்குக் காத்திருந்தார்கள்.

ரோப்லேயின் சால்வைக்குள் ஏதோ நுழைந்தது. கேல்லேயின் கை. அவன் முகம் எங்கோ தெருக்கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே விரல் மட்டும் பேசியது. ஒன்று அமுக்கினான். இரண்டு. மூன்று.

ரோப்லே முதலில் ஒட்டகம் என்று நினைத்தார். இவ்வளவு நாள் தொழில் பார்த்த புத்தி. மூன்று ஒட்டகத்தைக் குறைக்கப் பார்க்கிறானோ? அப்புறம்தான் உறைத்தது. கேல்லே வீட்டில் பெண்பிள்ளைகள் மூன்று பேர்.

"மூணுமா?" என்றார் மெதுவாக.

கேல்லே தெருக்கோடியைப் பார்த்தபடியே மூன்றாவது விரலை இன்னொரு தடவை அழுத்தினான்.

"நீயும் ஹர்கெய்சாவா?"

"பெர்பெரா" என்றான் கேல்லே உதட்டை அசைக்காமல். "கடல் காத்து வாங்கிட்டு வந்தோம்."

ரோப்லேக்குச் சிரிப்பு அடிவயிற்றிலிருந்து வந்தது. முப்பது வருஷம் இவனை நம்பாமல் இருந்தோம், நம்பாமல் இருந்தது சரிதான், பொய்யன், தன்னைப் போலவே பொய்யன்! சால்வையைத் தோளிலிருந்து உருவிக் கிளையில் வீசினார். இரண்டு கிழவர்களின் கையும் ஒன்றை ஒன்று பிடித்தபடி வெளிச்சத்தில் கிடந்தது. மரத்தடி மொத்தமும் பார்த்தது.

"மூணு பொண்ணுய்யா!" என்று ரோப்லே கத்தினார். சந்தையில் ஒரு நாளும் எழும்பாத குரல். "இவன் வீட்டுல மூணு, என் வீட்டுல ஒண்ணு! வாயைத் திறந்து சொல்லிட்டேன். மழையப் பாத்தவனெல்லாம் இறங்கி வாங்க. இன்னும் எவன் எவன் பெர்பெராவுக்குக் காத்து வாங்கப் போனீங்க?"

ஏலக்காய் தேடிக்கொண்டிருந்தவன் தலையைத் தூக்காமலே கையைத் தூக்கினான். அதைப் பார்த்து இன்னொருவன். இரண்டு பேர் எழுந்து அடுத்த பாய்க்கு மாறி உட்கார்ந்து முதுகைக் காட்டினார்கள். அது அவர்கள் இஷ்டம். கல்யாணச் சோறு அந்தப் பாய்க்கும் போனது.

சாயந்திர அஸர் தொழுகை முடிந்ததும் நிக்காஹ் நடந்தது. முடிந்த கையோடு அவாலே ஓடி வந்து, "பெரியப்பா, குழாயை இப்பவாவது பந்தல் பக்கம் திருப்பட்டுமா?" என்றான்.

"தொட்டே, கையை ஒடிப்பேன்" என்றார் ரோப்லே. "இன்னும் கொஞ்சம் சத்தம் வைடா."